கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் நின்றவர்கள்

1. முதல் நாள்

மலாக்கா பக்கத்து ஆயர் செராயா ஸ்டேஷனில் புக்கிங் கிளார்க்காக நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் என்னைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார்கள். கூடைகளைத் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள்.

தொண்ணூறுகள் தொடங்கிய சமயம் அது. நான் ஜாசின் டவுன்காரன். வெள்ளைச் சட்டை, இடுப்பில் கறுப்பு சிலுவார், காலில் பளபளவென்று புது சப்பாத்து. வேலைக்குப் போகிறான் பிள்ளை என்று அம்மா திருநீறு பூசி அனுப்பியிருந்தாள். என் மூஞ்சியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது.

ஸ்டேஷன் மாஸ்டர் ரத்தினம் ஐயா சிரித்தார். "அட, கோவிச்சுக்காதப்பா. தோட்டத்து ஆளுங்க. சட்டைய பாத்துட்டு ஒதுங்கிட்டாங்க. ஒரு மாசம் போனா உன் தலை மேலயே ஏறி உக்காருவாங்க, பாரு."

வண்டி வரும்போது எல்லோரும் ஷெட்டுக்குப் பின்னாலிருந்து வந்து ஏறினார்கள். ஒருத்தி மட்டும் ஏறவில்லை. நாற்பது வயது இருக்கும். கூடையை ரயில் கார்டிடம் கொடுத்துவிட்டு என் ஜன்னலுக்கு வந்தாள். அவள்தான் காமாட்சி அக்கா.

"தம்பிதான் புது கிளார்க்கா? சாப்டாச்சா?"

"அது இருக்கட்டும். என்னைப் பாத்துட்டு ஏன் எல்லாரும் ஓடுனீங்க?"

"ஐயய்யோ, ஓடலலா! ஆபீஸ் ஆளு வந்தா முன்னால நிக்கலாமா? மரியாதை வேணாமா?"

ரப்பர் தோட்டத்தில் மேனேஜர் தொரை ஆட்களின் லயன் வீடுகளைப் பார்க்க வருகிறார் என்றால், முதல் நாளே பெருக்கிக் கழுவி, கோலம் போட்டு, பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்களாம். தொரை நடந்து போகும்போது ஒரு தலை வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் கங்காணி திட்டுவார். காமாட்சி அக்கா இதைப் பெருமையாகத்தான் சொன்னாள். அவளுடைய அப்பா இருந்த லயன்தான் எப்போதும் நல்ல பேர் வாங்குமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. டவுன்காரன் திமிர்.

2. அந்த ஸ்டேஷன் பிறந்த கதை

இப்போது அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு அங்கே ஒரு ஸ்டேஷன் இருந்ததே தெரியாது. அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

தம்பினுக்கும் பத்தாங் மலாக்காவுக்கும் நடுவில் அந்த ஸ்டேஷனை வெள்ளைக்காரன் கட்டியது ஆட்களுக்காக இல்லை, ரப்பருக்காக. தோட்டத்து ஸ்டோரிலிருந்து மாட்டு வண்டியில் ரப்பர் ஷீட் வரும். கூட்ஸ் ஷெட்டில் எடை போட்டு, சைடிங்கில் நிற்கும் வேகனில் ஏற்றுவார்கள். ஆட்கள் ஏறியது அதற்கப்புறம்தான். கங்காணிகள், பிறகு அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள், பிறகு கடைக்காரர்கள். ஸ்டேஷன் வாசலில் இரண்டு வரிசைக் கடை, ஒரு கள்ளுக்கடை, ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் என்று ஊர் உண்டானதே வண்டி நின்றதால்தான்.

ஜப்பான்காரன் காலத்தில் தம்பினிலிருந்து மலாக்கா டவுனுக்குப் போன கிளை லைனைத் தண்டவாளத்தோடு பெயர்த்துக்கொண்டு போய்விட்டான். எங்களுடையது மெயின் லைன், அதனால் தப்பித்தது. ஆனால் அதைப் பார்த்த கிழவர்களுக்குக் கடைசிவரை ஒரு பயம் இருந்தது. "ரயிலு நிரந்தரம்னு நெனைக்காத. ராத்திரியோட ராத்திரியா கழட்டிக்கிட்டுப் போயிருவானுங்க" என்பார்கள்.

நான் போனபோது லாரிகள் வந்து ரப்பரைப் பிடுங்கிக்கொண்டு வருஷக்கணக்காகிவிட்டது. தோட்டத்தில் பாதி எண்ணெய்ப் பனை. சைடிங்கில் லாலான் புல் இடுப்பளவுக்கு வளர்ந்து கிடந்தது. கூட்ஸ் ஷெட் காலி. மிச்சம் இருந்தது மாலையில் திரும்பி வருகிற ஒரு வண்டி, காலையில் ஒரு கிராசிங். ஒற்றை லைன் என்பதால் வடக்கே போகிற லோக்கல் வண்டி எங்கள் லூப்பில் ஒதுங்கி நிற்கும், தெற்கே போகிற வண்டி தாண்டிப் போகும். தண்டவாளத்தை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் பிரம்பு வளையத்தில் மாட்டிய டோக்கனை டிரைவரிடம் நீட்டுவார். அது கையில் இல்லாமல் எந்த டிரைவரும் அடுத்த ஸ்டேஷன்வரை வண்டியை ஓட்டக் கூடாது.

அந்த லோக்கல்தான் எங்கள் ஊரின் உயிர். செரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், தம்பின் ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைகள், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற கிழவிகள் என்று பிளாட்பாரம் சந்தை மாதிரி இருக்கும். வெற்றிலை எச்சில், பிள்ளைகள் கத்தல், கோழிக்கூடை. ரத்தினம் ஐயா தலையில் அடித்துக்கொள்வார். அவர் பழைய காலத்து ஆள். சின்ன வயசில் அவர் வேலை பார்த்த இன்னொரு ஸ்டேஷனுக்கு, ஸ்டேஷன் பூந்தோட்டப் போட்டியில் கோப்பை கிடைத்ததாம். அதை வாரம் ஒரு தடவை எனக்குச் சொல்லாமல் விடமாட்டார்.

3. பூக்கூடை

காமாட்சி அக்கா விதவை. புருஷன் ரயில்வேயில் கேங்மேனாக இருந்தவர், லைனில் வேலை செய்யும்போதே மாரடைப்பில் போய்விட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில், ஒரே மகள் ராணியோடு இருந்தாள். தண்டவாளத்தை ஒட்டிய ரயில்வே நிலம் சும்மாதானே கிடக்கிறது என்று ரத்தினம் ஐயாவிடம் கேட்டு மல்லிகைச் செடி வைத்தாள். அவளைப் பார்த்து இன்னும் சில பெண்கள் வைத்தார்கள்.

விடியுமுன் மொட்டைப் பறித்து, கட்டி, வாழை இலையில் சுற்றி, ஈரத்துணி போர்த்திக் கூடையில் வைத்தால், லோக்கல் அதைச் செரம்பானில் சேர்த்துவிடும். கோயிலுக்குப் பக்கத்துப் பூக்கடைக்காரர் ஸ்டேஷனுக்கே வந்து வாங்கிக்கொள்வார். மாலையில் காலிக் கூடை திரும்பி வரும். கார்டு ஒரு மலாய்க்காரர், தங்கமான மனுஷர். லோக்கல் நிற்கும் முன்பே கதவில் தொங்கிக்கொண்டு "புங்ஙா மனா? புங்ஙா மனா?" என்று பூவைக் கேட்டுக் கத்துவார். அவர் கைக்கூடையாகக் கொண்டுபோவதால் பார்சல் டிக்கெட் இல்லை. டிரைவர் தமிழர் என்றால் ஒரு முழம் அவருக்கு. அவ்வளவுதான்.

இந்தப் பழக்கத்தால் என்ன ஆயிற்று என்றால், எங்கள் ஸ்டேஷன் பிழைப்பதற்கான ஆதாரம் எதுவும் காகிதத்தில் ஏறவில்லை. பூவுக்கு பார்சல் இல்லை. ஸ்கூல் பிள்ளைகளின் மாத பாஸ் தம்பினில்தான் போடுவார்கள், அதனால் அந்தக் கணக்கு தம்பினுக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கடைசி நிமிஷத்தில் ஓடிவந்து ஏறி, வண்டியில் கார்டிடம் டிக்கெட் எடுப்பார்கள். மேலே உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிற ஸ்டேஷன்.

நான் சொல்லிப் பார்த்தேன். "அக்கா, எல்லாரும் என்கிட்டயே டிக்கெட் வாங்குங்க."

"வாங்கலாம் தம்பி. நீ கூட்ஸ் வண்டி விஷயமா போன்ல பேசிக்கிட்டு இருக்குற, லோக்கல் வந்துருதே! பூவு காத்துக்கிட்டு இருக்குமா?"

அதுவும் நியாயம்தான். டெலிபோன், டோக்கன், டிக்கெட் எல்லாவற்றுக்கும் ஆபீஸில் ரத்தினம் ஐயாவும் நானும்தான். அந்தப் பூவில்தான் அவள் ராணியைப் படிக்க வைத்தாள், கல்யாணம் கட்டிக் கொடுத்தாள். ராணிக்குக் குழந்தை பிறந்தபோது ஸ்டேஷன் முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள்.

4. "பாக்க வர்றார்"

ரயில்வேயை கம்பெனியாக மாற்றிய பிறகு கொஞ்ச வருஷத்தில் சின்ன ஸ்டேஷன்களை ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தார்கள். எங்கள் பெயரும் வந்தது. ரத்தினம் ஐயா மேலே எழுதினார், நானும் கூட உட்கார்ந்து எழுதினேன். எங்கள் நல்ல காலம், மேலே இருந்த ஒரு பெரிய அதிகாரி நியாயமான மனுஷர். எண்ணிக்கையை மட்டும் நம்ப மாட்டேன், ஒரு காலை நேரம் நானே நேரில் வந்து பார்க்கிறேன், ஆள் ஏறுகிறார்கள் என்றால் லோக்கல் இங்கே தொடர்ந்து நிற்க வழி செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். திங்கட்கிழமை என்று முடிவாயிற்று.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தை அவர் பார்த்தால் போதும். காமாட்சி அக்காவின் பூக்கூடைகளையும் மற்றவர்களின் கோழிக்கூடைகளையும் பார்த்துவிட்டு எந்த மனுஷன் மூடச் சொல்வான்?

அந்த வாரம் பார்த்து என்னைத் தம்பினுக்கு ரிலீஃப் டியூட்டிக்குப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயில்வே போனில் ரத்தினம் ஐயாவைக் கூப்பிட்டேன்.

"ஐயா, எல்லாருக்கும் சொல்லியாச்சா?"

"காமாட்சிகிட்ட சொல்லிட்டேன்பா. பெரிய அதிகாரி பாக்க வர்றாரு, அவரு பாத்துட்டுப் போனாத்தான் வண்டி நிக்குமா நிக்காதான்னு தெரியும், ஸ்டேஷனுக்கு நல்ல பேரு வரணும், ஊருல எல்லார்கிட்டயும் சொல்லிடுன்னேன். நான் பாத்துக்குறேன் ஐயா, கவலைய விடுங்கன்னுட்டா. அவ சொன்னா செஞ்சிருவா லா, உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். நிம்மதியாகத் தூங்கினேன்.

5. திங்கட்கிழமை

அதிகாரியும் அவருடைய உதவியாளரும் தம்பினிலிருந்து மோட்டார் டிராலியில் கிளம்பினார்கள். அந்த ஸ்டேஷன் கிளார்க் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். ஸ்கூல் பிள்ளைகளைச் சொன்னேன், ஆஸ்பத்திரியைச் சொன்னேன், பூவைச் சொன்னேன். அதிகாரி மலாய்க்காரர், அமைதியாகக் கேட்டுக்கொண்டு வந்தார். "நல்லது, பார்ப்போம்" என்றார்.

வளைவு திரும்பியதும் ஸ்டேஷன் தெரிந்தது. எனக்கு ஒரு நிமிஷம் வேறு எங்கோ வந்துவிட்டோமோ என்று தோன்றியது.

பிளாட்பாரம் கழுவி விட்டிருந்தது. விளிம்புக் கல்லெல்லாம் புதுச் சுண்ணாம்பு. தீயணைக்கும் மணல் வாளிகளுக்குச் சிவப்புப் பெயிண்ட். சைடிங்கில் இடுப்பளவு நின்ற லாலானை ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஸ்டேஷன் பெயர்ப் பலகைக்கு மல்லிகைச் சரம், கதவு நிலைக்கு மல்லிகைச் சரம், ரத்தினம் ஐயா கையில் மொத்தமாக ஒரு மல்லிகை மாலை. அன்றைக்குச் செரம்பானுக்குப் போக வேண்டிய பூ முழுக்க அங்கே இருந்தது.

ஆள் ஒருத்தர் இல்லை.

ரத்தினம் ஐயா யூனிஃபார்மில் நின்றார். காலையிலிருந்து அவர் சிக்னல் கேபினில் இருந்திருக்கிறார், அப்போதுதான் இறங்கி வந்தாராம். அதிகாரிக்கு மாலையைப் போட்டுவிட்டு என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். எங்கேப்பா எல்லாரும் என்று கேட்கிற பார்வை. அதைத்தான் நானும் அவரிடம் கேட்க நினைத்தேன்.

வருவார்கள், வண்டிச் சத்தம் கேட்டால் ஓடி வருவார்கள் என்று நினைத்தேன். லோக்கல் வந்தது. நின்றது. கார்டு கதவில் தொங்கிக்கொண்டு "புங்ஙா மனா?" என்று கத்தியபடியே வந்தவர், அதிகாரிகளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். ஒருவர் ஏறவில்லை. எதிர் வண்டி தாண்டிப் போனது. டோக்கன் கைமாறியது. கார்டு காலி பிளாட்பாரத்துக்குப் பச்சைக்கொடி காட்ட, லோக்கல் போய்விட்டது.

அதிகாரி என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "பயணிகள் எங்கே?"

"துவான், தினமும் வருவாங்க துவான். சத்தியமா வருவாங்க. இன்னைக்கு என்னமோ…" மலாயில் ஆரம்பித்துத் தமிழில் உளறி மறுபடி மலாய்க்கு வந்தேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். என் தோளில் தட்டிக்கொடுத்தார். போகிற எல்லா ஸ்டேஷனிலும் இதைத்தான் சொல்கிறார்கள், உங்கள் மேல் தப்பில்லை என்றார். பிறகு சுற்றிலும் ஒரு தடவை பார்த்து, "பெர்சே" என்றார். சுத்தம். இந்த லைனில் இவ்வளவு சுத்தமான ஸ்டேஷனைத் தான் பார்த்ததே இல்லை என்று ரத்தினம் ஐயாவின் கையைக் குலுக்கினார். கழுத்து மாலையோடு டிராலியில் ஏறித் தெற்கே போய்விட்டார்.

டிராலிச் சத்தம் அடங்கியது. அப்புறம் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

ஊரே வந்தது. யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள், ஆஸ்பத்திரிக் கார்டைக் கையில் பிடித்த கிழவர்கள், துணிப்பையோடு பெண்கள், குழந்தையை இடுப்பில் வைத்த ராணி. எல்லோரும் குளித்து, நல்ல துணி உடுத்தியிருந்தார்கள். வேலைக்கும் ஸ்கூலுக்கும் போகாமல், வண்டியையும் விட்டுவிட்டு, அவ்வளவு நேரம் வெயிலில் சுவரோடு சுவராக நின்றிருக்கிறார்கள். காமாட்சி அக்கா முன்னால் வந்தாள். கையெல்லாம் சுண்ணாம்பு. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"எப்புடி தம்பி? ஒரு தலை தெரிஞ்சிச்சா? சொல்லு!"

அவள் ரத்தினம் ஐயா பக்கம் திரும்பினாள்.

"என்ன ஐயா, தொரை என்னா சொன்னாரு? புடிச்சிச்சா அவருக்கு?"

ரத்தினம் ஐயா பழைய எடை மேடையில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் சொல்லிவிடுவேனோ என்று பயந்த மாதிரி என் கையைப் பிடித்தார்.

"இவ்வளவு சுத்தமான ஸ்டேஷன பாத்ததே இல்லன்னு சொன்னாரு காமாட்சி. கை குடுத்துட்டுப் போனாரு."

கூட்டத்தில் ஒரே சிரிப்பும் கைதட்டலும். காமாட்சி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அப்பா ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அன்று மாலையே மறுபடி மேலே எழுதினோம். எங்கள் ஆட்கள் ஒளிந்துகொண்டிருந்தார்கள், தயவுசெய்து இன்னொரு தடவை வாருங்கள் என்று எழுதிப் பாருங்களேன், எப்படி இருக்கிறது என்று! படித்தவர்கள் என்ன நினைத்தார்களோ. பதில் வரவில்லை. ஸ்டேஷனை மூடுகிற நோட்டீஸ்தான் வந்தது. மூடிய சில மாதத்தில் ரத்தினம் ஐயா ரிட்டயராகி மகன் வீட்டுக்குப் போனார். அந்தக் கோப்பைக் கதையை அதற்குப் பிறகு அவர் என்னிடம் சொன்னதே இல்லை.

6. பிறகு

காமாட்சி அக்கா பஸ்ஸில் முயற்சி பண்ணினாள். பெரிய ரோடுவரை கூடையைத் தலையில் சுமந்து, தம்பினில் பஸ் மாறிச் செரம்பான் போய்ச் சேர்வதற்குள் மொட்டெல்லாம் விரிந்து பழுத்துவிடும். பூக்கடைக்காரர் கொஞ்ச நாள் முகம் கோணாமல் வாங்கினார், பிறகு வேறு இடம் பார்த்துக்கொண்டார். செடிகளை மறுபடி லாலான் மூடியது. அவள் மலாக்கா பக்கம் ஒரு ஃபேக்டரி கேண்டீனில் தட்டு கழுவப் போனாள் என்று கேள்விப்பட்டேன். ஸ்டேஷன் கட்டடத்தை நாளாவட்டத்தில் இடித்தார்கள். கடை வரிசையில் பாதிக்குப் பூட்டு. நான் வேறு வேறு ஸ்டேஷனில் வேலை பார்த்து ரிட்டயராகிவிட்டேன்.

ரிட்டயராகிக் கொஞ்ச நாளில் ஜாசின் பசாரில் அவளைப் பார்த்தேன். நரைத்துப்போயிருந்தாள். கூட ஓர் உயரமான பையன், ராணியின் மகன். என்னைத் தெரிந்துகொண்டு, "தம்பி, சாப்டாச்சா?" என்றாள். காப்பிக்கடையில் உட்கார்ந்தோம். பையன் மோட்டார்சைக்கிளை எடுத்து வரப் போனான்.

அவளுக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் வேறு எதையெதையோ பேசினேன். அவளே சொன்னாள்.

"ஆளு இருக்கான்னுதானே தம்பி அவரு பாக்க வந்தாரு?"

நான் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"கேண்டீன்ல ஒரு நாளு பெரிய மொதலாளி வந்தாரு. சூப்பர்வைசர் பொண்ணு எங்கள எல்லாம் கூப்ட்டு வரிசையா முன்னால நிக்க வெச்சா. நான் பின்னால போயி ஒளியப் பாத்தேன். எதுக்கும்மா நிக்கச் சொல்றன்னு கேட்டேன். நின்னாத்தானே ஆன்ட்டி இத்தன பேரு வேல செய்றோம்னு தெரியும்னா. அப்பத்தான் தம்பி எனக்கு வெளங்கிச்சு. தட்ட கழுவிக்கிட்டே அழுதேன்."

"விடுங்க அக்கா. உங்க மேல என்ன தப்பு?"

"ஐயாவுக்குத் தெரியும்ல? அன்னைக்கே தெரியும்ல? ஒரு வார்த்த சொல்லலியே அந்த மனுசன்." பசாருக்கு வெளியே அவள் பேரன் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவனைக் காட்டினாள். "இவன்தான் தம்பி அன்னைக்கு ராணி இடுப்புல இருந்தது. தொரை பிளாட்பாரத்துல நிக்கிறாரு, இவன் பசியில வாயத் தொறந்துட்டான். நான்தான் டப்புன்னு வாயப் பொத்துனேன். மூச்சு முட்டுற மாதிரி பொத்துனேன். கைய எடுத்திருந்தா போதும். கத்தியிருப்பான். அவரு திரும்பிப் பாத்திருப்பாரு."

என்னால் அந்தக் காப்பியைக் குடிக்க முடியவில்லை.

ரயில்வேயிலோ வேறு ஆபீஸிலோ வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் இடத்துக்குப் பெரியவர் யாராவது பார்க்க வந்தால், பெருக்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆட்களைக் கூப்பிட்டு முன்னால் நிற்கச் சொல்லுங்கள். எதற்காக நிற்கிறார்கள் என்பதையும் விளக்கிச் சொல்லுங்கள். குழந்தை அழுதால் அழட்டும்.